கிளீனர் பக்கம்

டெய்லரக்கா வீட்டு டீயைப் பற்றித் தெரு பேச ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த டீ ஒன்றும் அமிர்தம் இல்லை. அரை லிட்டர் பாக்கெட்டை மூன்று பேருக்கு இரண்டு வேளைக்கு நீட்டி இழுத்துப் போடுகிற டீ, டம்ளரின் அடி தெரியும். ஆனாலும் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த எதிர்வீட்டுக்காரி ஒரு மடக்கு குடித்துவிட்டு, "என்னக்கா, டீ இவ்வளவு கெட்டியா இருக்கு? உங்களுக்கென்ன, பாலுக்கா பஞ்சம்!" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்கிறவளை என்ன செய்ய முடியும்? டெய்லரக்கா வாயில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். குத்த வேண்டிய இடம் வேறு என்று தோன்றினாலும் துணியில்தான் குத்தினாள்.

அவள் வீட்டுக்காரர் பால் வண்டி டிரைவர். பதினெட்டு வருஷமாக அதே வேலை. விடியும் முன்னே போய்க் குளிர்பதன நிலையத்தில் டாங்கர் லாரியில் ஆறாயிரம் லிட்டர் பால் ஏற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஓட்டி, பால் கம்பெனியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஏற்றுகிற இடத்தில் மீட்டர் இருக்கிறது. இறக்குகிற இடத்தில் எடை மேடை இருந்தது, அது ரிப்பேராகி எட்டு மாதம். அதனால் சூப்பர்வைசர் டாங்க் மேல் ஏறி, டிரைவர் பக்கமாக இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, கோடு போட்ட ஒரு நீளக் கம்பியை உள்ளே விடுவார். டிப் ராடு என்பார்கள். பால் எந்தக் கோடு வரைக்கும் நனைத்திருக்கிறதோ அதுதான் அளவு. அந்தக் கம்பி சொன்னால் சாமி சொன்ன மாதிரி.

அந்தக் கம்பிதான் பன்னிரண்டு நாளாக அறுபது லிட்டர் குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாள் குறைந்தால் கை தவறியது என்று விடலாம். இரண்டு நாள் என்றால் ஆவியாகிவிட்டது என்று ஜோக் அடிக்கலாம். பன்னிரண்டு நாளும் அதே அறுபது என்றால் யார்தான் விடுவார்கள்? "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். பாலை எங்க நிறுத்தி யாருக்கு ஊத்துறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வேலையை விட்டுட்டுப் போயிடு. இல்லைன்னா போலீஸ் வந்து கேக்கும்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டில் நின்ற பத்துப் பேர் முன்னால் சொன்னார். பத்துப் பேர் முன்னால் சொன்னது தெருவுக்கு வந்து சேர ஒரு மத்தியானம் போதாதா? மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "அப்பா பால் திருடுறாராம்மா?" என்று கேட்டாள். பதினோரு வயசு. கேட்டுவிட்டு அழுதாள்.

அவர் எடுத்திருக்க மாட்டார் என்று டெய்லரக்காவுக்குத் தெரியும். தெரியும் என்று நாளைக்கு நாலு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாலு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

அவர் வாய் திறக்கிற ஆளும் இல்லை. "நான் எடுக்கல" என்று முதல் நாள் சொன்னார். அதோடு சரி. வருவார், சாப்பிடுவார், உள் அறையில் போய்ப் படுத்துக்கொள்வார். கத்தினாலாவது பரவாயில்லை, சூப்பர்வைசரை நாலு வார்த்தை திட்டினாலாவது மனசு ஆறும். இந்த மனுஷன் கல்லு மாதிரி இருந்தால் பக்கத்தில் இருக்கிறவள் என்னதான் நினைப்பாள்?

புதன்கிழமை மத்தியானம் அவர் தூங்குகிற நேரம் பார்த்து, முன் அறை ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்தாள். பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்தாள். ஒரு பேனா, ஒரு சீப்பு, மகள் கட்டி விளையாடிய ஒரு ரப்பர் பேண்டு. பிறகு, என்ன நினைத்தாளோ, சட்டையை முகத்துக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். டீசல் வாசம், வேர்வை வாசம், அதற்கு அடியில் லேசாகப் பால் வாசம். பால் வண்டி ஓட்டுகிறவன் சட்டையில் பால் வாசம் வராமல் மல்லிகைப்பூ வாசமா வரும்? அதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. மூக்குக்குத் தெரியவில்லை. சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, அளவு பார்க்க வருகிறவர்களுக்காக முன் அறையில் வைத்திருக்கிற ஆளுயரக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நின்றாள். அதில் அவள் முகம் நன்றாக இல்லை.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது சொன்னாள்.

"நாளைக்கு நானும் வண்டியில வர்றேங்க."

"எதுக்கு?"

"அண்ணனைப் பாத்து மாசமாச்சு. கம்பெனியில இறக்கிட்டு வர்ற வழியில அவர் பட்டறையில என்னை எறக்கி விடுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "வா" என்றார்.

இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவளுடைய அண்ணன் பட்டை வேலைக்காரர். லாரிக்கு அடியில், சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே, வில் மாதிரி வளைந்து அடுக்கடுக்காக இரும்புத் தகடுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைத்தான் பட்டை என்பது. பாரத்தைத் தாங்குவதும் பள்ளத்தில் விழுந்தால் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். பட்டை ஒடிந்த வண்டிகள் அவர் பட்டறை வாசலில் வரிசையாக நிற்கும். வேலை முடித்த வண்டிக்கு அடியில் சுத்தியலோடு போய், ஒவ்வொரு தகட்டின் மேலும் ஒரு தட்டு தட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்று பத்து வரை எண்ணுவார். அந்தப் பக்கமும் போய்ப் பத்து வரை எண்ணுவார். வெளியே வந்து, "பத்துக்குப் பத்து. எடுத்துட்டுப் போ" என்பார். அவருக்குப் பேரே பத்துக்குப்பத்து என்று ஆகிவிட்டது.

வியாழக்கிழமை மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, டெய்லரக்கா லாரியில் ஏறினாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. அதைக் கழட்டி வைத்தால் அவளுக்குக் கழுத்தே காணாமல் போன மாதிரி இருக்கும். மடியில் காஜா எடுக்க வேண்டிய ஒரு சட்டையும் நூல்கண்டும். குளிர்பதன நிலையத்தில் பால் ஏறி முடிந்ததும் மூடிகளுக்கெல்லாம் சீல் போட்டார்கள். போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளீனர் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கிளீனரை நிறுத்தி இரண்டு வருஷம் ஆயிற்று, அந்த சீட்டில் இப்போதெல்லாம் ஒரு தண்ணீர் பாட்டில்தான் பிரயாணம் செய்கிறது.

வண்டி கிளம்பியதிலிருந்து அவள் கண்ணை மூடவில்லை. அவர் வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தாள். வேகத்தடை. ஆட்டு மந்தை. ஒரு ரயில்வே கேட். கேட்டில் நின்றபோது அவர் இறங்கினார். அவளும் இறங்கினாள்.

"நீ எங்க எறங்குற?"

"கால் மரத்துப் போச்சு."

"நான் ஒண்ணுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் புதர்ப் பக்கம் போனார். அவள் டாங்கரைச் சுற்றி ஒரு நடை நடந்து, சீல்கள் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

வண்டி ஓட ஓட அவளுக்கு ஒரு தொந்தரவு. எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் கதவோரம் போய் ஒட்டிக்கொண்டாள். நூல்கண்டு மடியிலிருந்து விழுந்து கதவுப் பக்கம் உருண்டது. எடுத்து நடுவில் வைத்தாள். மறுபடி கதவுப் பக்கமே உருண்டது.

"இந்த சீட்டு என்னங்க, ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருக்கு?"

"சீட்டு நல்லாத்தான் இருக்கு. ரோடு ஓரம் சரிவா இருக்கும்."

"ரோடு சரியில்ல, பட்டை சரியில்ல, எல்லாம் ஒரேயடியா வந்து சேருது உங்களுக்கு."

"ஆமா, வண்டிக்கு நேரம் சரியில்ல. முதல்ல அந்தப் பக்கத்துப் பட்டை ஒடிஞ்சுது. மச்சான் மாத்திக் கொடுத்தாரு. மறுநாள்லேருந்து பால் குறையுது." அவர் இதை ஒரு புலம்பலாகத்தான் சொன்னார். அவளும் புலம்பலாகத்தான் கேட்டாள்.

பால் கம்பெனி வாசலில் தரை சிமெண்டு போட்டுப் பலகை மாதிரி சமமாக இருந்தது. வண்டி நின்றது. சூப்பர்வைசர் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, கம்பியை விட்டு எடுத்தார். "அறுபது" என்று மேலேயிருந்து கத்தினார். "பெண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தாலும் அறுபதுதானாப்பா?"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். டெய்லரக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. ஏற்றியதைப் பார்த்தாள், சீல் போட்டதைப் பார்த்தாள், வழியெல்லாம் பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்படியானால் இந்த மனுஷன் எடுக்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வந்த மறு நொடியே கோபமும் வந்தது. எடுக்காத பால் எப்படிக் குறையும்?

கீழே இறங்கி எட்டி நின்று வண்டியைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுடைய தொழில்கண் விழித்தது. இருபது வருஷமாக மனுஷ உடம்புகளைப் பார்க்கிற கண். ஒரு தோள் இறங்கினவர்கள், ஒரு இடுப்பு ஏறினவர்கள், எல்லோரையும் நேராகக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. இந்த வண்டிக்கு ஒரு தோள் இறங்கியிருந்தது.

கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். டிரைவர் பக்கம் பின்சக்கரத்துக்குப் பின்னால், தரையிலிருந்து உடம்பின் கீழ் விளிம்பு வரை அளந்தாள். சுற்றிப் போய்க் கிளீனர் பக்கம் அளந்தாள். இரண்டரை அங்குலம் வித்தியாசம்.

"என்னம்மா, லாரிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றார் சூப்பர்வைசர்.

"வண்டி ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு சார். மூடி இந்தப் பக்கம் இருக்கு, பால் அந்தப் பக்கமா ஒதுங்கி நிக்குது. கம்பி எப்படி சரியாக் காட்டும்?"

"பதினெட்டு வருஷம் ஓட்டுற உன் வீட்டுக்காரருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்? நாளைக்கு வெள்ளிக்கிழமை. எழுதி எடுத்துட்டு வரச் சொல்லு."

இரண்டு பேரும் காலி வண்டியோடு பட்டறைக்கு வந்தபோது அண்ணன் ஒரு தகட்டை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"என் பட்டையா சாயுது? எங்க சாயுது, காட்டு பார்க்கலாம்."

வண்டி பட்டறை வாசலில் நின்றது. டெய்லரக்கா அளந்தாள். இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அதே அளவு. ஒரு நூல் வித்தியாசம் இல்லை. திரும்ப அளந்தாள். டேப்பைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று கூடப் பார்த்தாள்.

"கண்ணாடி மாதிரி நேரா நிக்குது. நீ இதைத்தான் சாய்ஞ்சிருக்குங்கறியா பாப்பா?"

"அங்க சாய்ஞ்சிருந்துச்சுண்ணே. நானே அளந்தேன்."

"தரை கோணலா இருந்திருக்கும். மாப்ளே, வண்டியைத் திருப்பி நிறுத்துங்க."

திருப்பி நிறுத்தினார். நேராகத்தான் நின்றது. நாலு பக்கமும் காற்று பார்த்தார் அண்ணன், சரி. இரண்டு பக்கத்து டயரும் ஒரே உயரம். அடியில் போய்ச் சுத்தியலால் தட்டி எண்ணினார். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. ஒடிசல் இல்லை, போல்ட் தளரவில்லை.

"பத்துக்குப் பத்து" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். "போன வாரமே மாப்ள சொன்னாரு, லேசா இழுக்குதுன்னு. அப்பவும் பாத்தேன், நேராத்தான் நின்னுது. என் வேலையில குறை சொல்ல முடியாது."

வீட்டுக்காரர் வண்டியின் நிழலில் போய்க் குந்திக்கொண்டார். அண்ணன் தங்கச்சியைத் தனியே கூப்பிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோனார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. மாப்ள நல்லவருதான். இருந்தாலும் மனுஷன்னா ஒரு நேரம் புத்தி கெடும். எழுதிக் கொடுத்துட்டு வந்துடட்டும். வேலை போனா போகுது, நான் இருக்கேன். போலீஸு கீலீஸுன்னு போனா நம்ம பொண்ணுக்குத்தான் கேவலம்."

"அவரு எடுக்கலண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கூடவே வந்தேன். கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே வந்தேன்."

சத்தமாகச் சொல்லிவிட்டாள். நிழலில் குந்தியிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவளுக்கு அப்போது அதெல்லாம் கவனத்தில் இல்லை. தொட்டியின் விளிம்பில் கை வைத்தபடி யோசித்தாள். அங்கே சாய்ந்த வண்டி இங்கே நேராக நிற்கிறது. அங்கே என்ன இருந்தது, இங்கே என்ன இல்லை? சிலருக்குச் சும்மா நிற்கும்போது தோள் இரண்டும் சமமாகத்தான் இருக்கும். குழந்தையை இடுப்பில் தூக்கினால்தான் கோணல் தெரியும்.

"அண்ணே, அங்க வண்டியில பால் இருந்துச்சு. இங்க காலி. பாரம் ஏத்திப் பாக்கணும்."

"பாலுக்கு எங்க போறது?"

"தண்ணி ஊத்துங்க."

அடுத்த கேட்டிலேயே லாரி கழுவுகிற இடம். பெரிய பம்பு, கை தடிமன் குழாய். எப்படியும் டாங்கை அலசித்தான் ஆக வேண்டும், இன்னும் கொஞ்சம் அதிகம் ஊற்றினால் போகிறது என்று அந்த ஆள் சம்மதித்தான். அங்கேயும் சிமெண்டுத் தரை. டெய்லரக்கா கிளீனர் பக்கம் மண்டியிட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் பக்கம் அண்ணன் ஒரு குச்சியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் விழுகிற சத்தம் டாங்குக்குள் மழை மாதிரி கேட்டது.

"எவ்வளவு எறங்கியிருக்கு பாப்பா?"

"ஒரு அங்குலம். உங்களுக்கு?"

"ஒரு அங்குலம்தான்."

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"ரெண்டே கால்ண்ணே."

"எனக்கு ஒண்ணரை." அண்ணன் குரலில் முன்பிருந்த கெத்து இல்லை.

"மூணே முக்கால். உங்களுக்கு?"

அவள் எழுந்து சுற்றிப் போனாள். அண்ணன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரில், அவர் கையால் பூட்டிய வண்டி, கிளீனர் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

தண்ணீரை வடித்துவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்து ஜாக்கி போட்டு, கிளீனர் பக்கத்துப் பட்டைக் கட்டைப் பிரித்துத் தரையில் வரிசையாக அடுக்கினார். பத்து இருந்தது. எண்ணிக்கையில் பிசகே இல்லை. பிறகு, தகட்டின் கனத்தை அளக்கிற காலிப்பரை டப்பாவின் அடியிலிருந்து தேடி எடுத்து, வேட்டியில் தூசியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நாலாவதும் ஐந்தாவதும் ஆறாவதும் மெலிசு. டிரைவர் பக்கத்தில் இருக்கிறவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மில்லி மெலிசு. கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலுக்கும் தெரியாது. சும்மா நிற்கும்போது வளைவு சரியாகத்தான் இருக்கும், பாரம் ஏறினால் அமுங்கிவிடும்.

அண்ணன் தகடுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு மாப்ள அவசரம்னாரு. பால் கெட்டுப்போயிடும்னாரு. புதுசு வாங்கி வர நேரமில்ல. அந்த மூலையில கிடந்த சின்ன வண்டிப் பட்டையில மூணை எடுத்து வளைவைச் சரி பண்ணிப் போட்டேன். நீளம் பாத்தேன், வளைவு பாத்தேன், எண்ணிக்கை பாத்தேன்." காலிப்பரைக் கீழே வைத்தார். "கனம் பாக்கல. இந்தக் கையால எத்தனை ஆயிரம் பட்டை போட்டிருக்கேன், கனம் பாக்கல. கொஞ்ச நேரம் முன்னாடி அந்தத் தொட்டிகிட்ட நின்னு என்ன சொன்னேன் உங்கிட்ட? செருப்பால அடிக்கணும் என்னை."

"இப்போவே மாத்திடுங்கண்ணே."

"மாத்த மாட்டேன்" என்றார் அண்ணன். "மாத்திட்டா யாரு நம்புவா? நாளைக்கு இதே பட்டையோட போகட்டும். நானும் வர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை பால் வண்டி சிமெண்டுத் தரையில் வந்து நின்றபோது, அண்ணன் இரண்டு தடிப் பலகைகளோடு கேட்டருகில் காத்துக்கொண்டிருந்தார். டெய்லரக்கா கிளீனர் பக்கம் இறங்கினாள். சூப்பர்வைசர் ஏறி அளந்தார்.

"அறுபது. எழுதிக் கொண்டுவந்தியா?"

"சார், ஒரு நிமிஷம்" என்றார் அண்ணன். "பாலைத் தொட மாட்டோம், சீலைத் தொட மாட்டோம். வண்டியை ஒரு அடி பின்னாடி எடுத்து, இந்தப் பக்கத்துச் சக்கரத்தை மட்டும் பலகை மேல ஏத்துறோம். நீங்க மறுபடி விட்டுப் பாருங்க."

"இதென்ன வித்தை காட்டுற இடமா?"

"வித்தையில்ல சார்" என்று டெய்லரக்கா முன்னால் வந்தாள். "ஒரு தோள் இறங்கினவங்களுக்குச் சட்டைக்குள்ள பஞ்சு வெச்சுத் தைப்போம். அது மாதிரிதான். சும்மா பாருங்க. குறைஞ்சா அவரு எழுதிக் கொடுப்பாரு, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். பலகைகள் கிளீனர் பக்கச் சக்கரங்களுக்கு அடியில் முனகின. வண்டி நிமிர்ந்தது. பால் அலை அடங்கும் வரை காத்திருந்தார்கள். சூப்பர்வைசர் கம்பியைத் துடைத்து உள்ளே விட்டார், எடுத்தார், கண்ணருகே வைத்துப் பார்த்தார். மறுபடி துடைத்து விட்டார். கீழே நின்றவர்களில் ஒருத்தன், "என்ன சார், சத்தத்தையே காணோம்?" என்றான்.

"ஆறாயிரம்" என்றார்.

பலகையை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் அறுபது குறைந்தது. வைக்கச் சொன்னார். வைத்ததும் சரியாக வந்தது. ஏணியில் நின்றபடியே, "அப்போ இத்தனை நாள் குறைஞ்ச பால்?" என்று கேட்டார்.

"உங்க தொட்டியிலதான் சார் எறங்குச்சு" என்றார் டிரைவர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது. "அங்க தேடிப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை வேறு பக்கமாக. அண்ணன் சிரிக்கவில்லை. பத்துப் பேருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "தப்பு என்னுது. நான்தான் கனம் பாக்காம பட்டையைப் போட்டேன். இந்த மனுஷன் மேல எந்தக் குத்தமும் இல்ல. யாரு கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க." அங்கே வருகிற லாரிகளில் பாதி அவர் பட்டறைக்குப் போகிறவை. இனி எத்தனை போகுமோ. சொல்லிவிட்டு டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, உங்களைப் போய் நான் சந்தேகப்பட்டேன்."

"விடுங்க மச்சான். அவசரப்படுத்தினது நான்தானே. இனிமே பத்துக்குப் பத்துன்னா காலிப்பரைக் காட்டிட்டுச் சொல்லுங்க" என்று அவர் அண்ணன் தோளைத் தட்டினார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெய்லரக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தாள். கண்டுபிடித்தது யார்? அவள்தானே. அந்தப் பெருமையும் கொஞ்சம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

மத்தியானமே அண்ணன் இரண்டு பக்கமும் புதுப் பட்டை போட்டுவிட்டார். ஒவ்வொரு தகட்டையும் தங்கச்சி கையில் கொடுத்துக் காலிப்பரை வைக்கச் சொல்லி, அவள் சொன்ன பிறகே அடுக்கினார். தண்ணீர் ஏற்றிப் பார்த்தார்கள், ஒரு நூல் சாயவில்லை. வீடு திரும்பும்போது நூல்கண்டைச் சீட்டின் நடுவில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. "பாருங்க, பாருங்க" என்று காட்டினாள். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, "ம்" என்றார்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி வந்து, "எனக்கு அப்பவே தெரியும்க்கா, டிரைவரண்ணன் அப்படிப்பட்டவரு இல்லைன்னு" என்று இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனாள். மகள் அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று பட்டியல் போட்டாள். அவர் சிரித்தார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சிரித்தது அப்போதுதான்.

துவைக்கப் போடுவதற்காக டெய்லரக்கா வாளியோடு வந்தாள். "சட்டையைக் கழட்டிக் குடுங்க. பட்டறை அழுக்கெல்லாம் அதுலதான் இருக்கு."

அவர் பட்டன்களைக் கழற்றி, சட்டையை உருவி, அவளிடம் நீட்டினார். அவள் பிடித்த பிறகும் அவர் விடவில்லை.

"மோந்து பாத்துட்டுத் துவை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி சொன்னார். மகள் என்னவோ ஜோக் என்று நினைத்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். டெய்லரக்கா திரும்பிப் பார்த்தாள். உள் அறைப் பாயிலிருந்து பார்த்தால் முன் அறைக் கண்ணாடி நேராகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் சட்டை மாட்டுகிற ஆணி தெரிந்தது.

"தூங்கிட்டு இருந்தீங்கன்னு நினைச்சேன்."

"தெரியும்."

"நான் வேணும்னு பண்ணலங்க. மனசு கேக்கல. தெரியாம..." வாளியைக் கீழே வைத்தாள். "அண்ணனை உடனே மன்னிச்சிட்டீங்களே."

"மச்சானுக்கு என்னை எத்தனை நாளாத் தெரியும்? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாத்தவரு." அவர் சட்டையை விட்டுவிட்டார். "நான் எடுக்கலன்னு உங்கிட்ட ஒரு தடவைதான் சொன்னேன். அதுக்கு மேல சொல்லணும்னு எனக்குத் தோணல."

மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே லாரி நேராக நின்றது. மகள் கேட்டாள் என்று அவர் அவளைக் கிளீனர் பக்கம் ஏற்றி உட்கார வைத்தார்.

டெய்லரக்கா சட்டையை வாளித் தண்ணீரில் போட்டாள். சோப்பு போட வேண்டும், கை போகவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு, வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.